பெஞ்சமின் சொன்ன ‘வேண்டாம்’

இறந்து முப்பத்தேழு நாளான பம்ப் ஆபரேட்டர் பெஞ்சமின், அன்று காலையும் சரியாக ஆறே முக்காலுக்குக் கைநாட்டு வைத்திருந்தார்.

அதை முதலில் கவனித்தது சுகுமாரன் அல்ல. புக்கிட் கெனாரி நீரேற்று நிலையத்தின் சூப்பர்வைசர் அவர்தான். தினமும் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவரும் அவர்தான். ஆனால் பச்சைப் புள்ளி மூன்று வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு மைலோ கலக்கப் போய்விடுவார். நான்காவது, ஐந்தாவது புள்ளிகளை எண்ணும் வழக்கம் அவருக்கு இல்லை. கவனித்தது, பாதுகாப்புச் சோதனைக்காகக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த அதிரா. வயது முப்பதுகூட இருக்காது. முதுகுப்பையை இறக்கிவைத்த பத்தாவது நிமிடம் கேட்டாள்.

"அங்கிள், இந்த அஞ்சாவது ஆளு சூப்பர் லா. மூணு வருஷத்துல ஒருநாள்கூட லேட் இல்ல. இவரை நான் பார்க்கலாமா?"

"பார்க்க முடியாதும்மா."

"லீவா?"

"இறந்துட்டாரு."

"ஐயோ, சாரி அங்கிள். எப்போ?"

"போன மாசம்."

அதிரா திரையைப் பார்த்தாள். சுகுமாரனைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்குக் காலையில கைநாட்டு வச்சது யாரு?"

சுகுமாரன் மைலோ கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்த நிலையம்தான் மலைச்சரிவில் இருக்கும் இரண்டாயிரம் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. எங்கோ ஒரு நாட்டில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஒருவன் உள்ளே புகுந்து பம்ப்பைத் தாறுமாறாக ஓட்டிவிடக்கூடாது என்று, மூன்று வருடங்களுக்கு முன்னால் கம்பெனி பிளாக்செயின் முறையைக் கொண்டுவந்தது. ஐந்து காவலர்கள், ஆளுக்கு ஒரு சாவி. சாவி என்றால் தீப்பெட்டி அளவில் சின்னத் திரை உள்ள ஒரு கருவி. பம்ப்புக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் ஐந்து சாவியிலும் தெரியும். மூன்று பேர் கட்டைவிரலை வைத்துச் சரி என்றால் பம்ப் கேட்கும். ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் நின்றுவிடும். யார் என்ன சொன்னார் என்பது ஐந்து இடங்களில் ஒரே மாதிரி பதிவாகும். ஒரு இடத்தில் அழித்தால் மற்ற நான்கும் காட்டிக்கொடுத்துவிடும். முதலாளியே வந்து அழுதாலும் ஒரு வரியை மாற்ற முடியாது.

பழைய இரும்புக் கைப்பிடியும் திருடன் நுழையும் ஒரு வாசல்தான் என்று சொல்லி, அதையும் கழற்றி ஹெட் ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

"சரி, அவரோட சாவி இப்ப எங்க?" என்றாள் அதிரா.

"புதைச்சாச்சு."

"எதை அங்கிள்?"

"அவரைத்தான். அவரோட சேர்த்து சாவியையும்."

வாசலில் செக்யூரிட்டியாக இருக்கும் கமால் சாட்சிக்கு அழைக்கப்பட்டார். அறுபதை நெருங்கும் கமால், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் கண்ணால பார்த்தேன் பாஸ். பெட்டியை மூடுறப்போ அண்ணன் கழுத்துல ஜெபமாலை. அதுக்குக் கீழே கறுப்புக் கயித்துல சாவி. நல்லா ஞாபகம் இருக்கு."

சுகுமாரன் அதை அப்போதே அறிக்கையாக எழுதி அனுப்பியிருந்தார். அதிரா தேடி எடுத்து உரக்கப் படித்தாள். "சாவி, உரிமையாளருடன் ஆறடி ஆழத்தில் பத்திரமாக உள்ளது. எந்த ஹேக்கரும் நெருங்க முடியாது."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "கல்லறையில லைன் நல்லா கிடைக்கும் போல."

உண்மையில் சுகுமாரன் பெஞ்சமினின் மனைவி சவுந்தரத்தைப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் இரண்டு தடவை போனார். கணவனைப் புதைத்த ஈரம் காயாத பெண்ணிடம் கம்பெனிச் சாமானைத் திருப்பிக் கொடு என்று எப்படிக் கேட்பது? இரண்டு தடவையும் சவுந்தரம் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். இரண்டு தடவையும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிவந்தார். மூன்றாவது தடவை போக வெட்கமாக இருந்தபோதுதான் கமால் ஜெபமாலைக் கதையைச் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இது பெரிய கேஸ் அங்கிள்," என்றாள் அதிரா. "ஒரு சாவி வேற ஆள் கையில இருக்குன்னா, அந்தச் சாவியோட பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் சந்தேகப்படணும். அவரு பேருல ஏதோ பலகை திறக்கப் போறீங்களாமே, அதையும் நிறுத்திவைக்கணும்."

அதுதான் சுகுமாரனைக் குத்தியது. அந்தப் பித்தளைப் பலகைக்காக அவர் ஹெட் ஆபீஸுக்குப் பதினாறு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

காரணம் இருந்தது. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டே முக்கால். சுகுமாரன் நாசி கண்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை முழுக்கக் குழம்பு. சாவி பீப் என்றது. இடது கட்டைவிரலால், என்ன ஏது என்று படிக்காமல், அமுக்கிவிட்டார். கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஜெயலெட்சுமியும் போனில் பேசிக்கொண்டே அமுக்கிவிட்டார். இன்னும் ஒரு விரல் விழுந்திருந்தால் போதும். அப்போதுதான் ஐந்தாவது சாவியிலிருந்து ‘வேண்டாம்’ வந்தது.

பிறகுதான் தெரிந்தது: யாரோ ஹெட் ஆபீஸ் கணினிக்குள் புகுந்து, குழாயின் அழுத்தத்தை ஆறு ‘பார்’ அளவிலிருந்து பதினொன்றாக உயர்த்தச் சொல்லி அனுப்பிய கட்டளை அது. நாற்பது வருடத்துக் குழாய் அதைத் தாங்காது, மலைச்சரிவில் வெடித்திருக்கும். அந்தக் குழாய்க்கு நேர் கீழே இருந்தது சுகுமாரனின் வீடு. உள்ளே, மனைவி மீனாட்சி மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்.

அன்று சாயங்காலமே பெஞ்சமினின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல," என்று சுகுமாரன் அழுதார்.

பெஞ்சமின் என்னவோ சங்கடத்துடன் கையை உருவிக்கொண்டார். ஒரு பக்கக் கன்னத்தைத் தடவிக்கொண்டு, வார்த்தை குழற, "நன்றியெல்லாம் வீட்ல வந்து சொல்லு தம்பி," என்றார்.

சுகுமாரன் போனார். மீன் குழம்பு சாப்பிட்டார். பெஞ்சமினுக்கு மறுபடியும் நன்றி சொன்னார். அதன் பிறகு எத்தனை தடவை அந்தப் பேச்சை எடுத்தாலும் பெஞ்சமின் அதையேதான் சொல்வார். அத்தனை தடவையும் சுகுமாரன் போய்ச் சாப்பிட்டார்.

அப்படிப்பட்ட மனிதனின் பெயரில் சந்தேகமா?

"அம்மா, அவரு பேரை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டா?" என்றார் சுகுமாரன். "சாவி இருக்கும், ஆனா வேலை செய்யாது. பிரச்சினை முடிஞ்சிடும்ல?"

"எடுக்கலாம். ஒரு காவலரை நீக்க அஞ்சு பேரும் சரின்னு சொல்லணும்."

"நாலு பேரு ரெடி."

"அஞ்சு அங்கிள். அவரும் சொல்லணும்."

"செத்தவரு எப்படிம்மா சரின்னு சொல்லுவாரு?"

"தினமும் காலையில சொல்லிக்கிட்டுத்தானே இருக்காரு? கேட்டுப் பார்ப்போம்."

கேட்டார்கள். ‘பெஞ்சமினை நீக்கலாமா?’ என்ற கேள்வி ஐந்து சாவிக்கும் போனது. நான்கு பச்சை உடனே வந்தது. ஐந்தாவது ஒரு மணி நேரம் வரவில்லை. பிறகு வந்தது.

‘வேண்டாம்.’

கமால் ஓர் அடி பின்வாங்கினார். "அலாமாக்! அண்ணனுக்கு வேலையை விட மனசில்ல பாஸ்."

"சும்மா இருங்க கமால்."

"முப்பத்தோரு வருஷம் பாஸ். ஒரு வார்த்தை கேட்காம நீக்கப் பார்த்தா கோவம் வராதா?"

அன்று முழுவதும் கமால் பம்ப் அறைப் பக்கம் போகவில்லை. போக வேண்டி வந்தபோது, கதவைத் தட்டி, "அண்ணே, நான்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிராவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. "அங்கிள், இது சாதாரண ஆளு இல்ல. விரல் ரேகையையே உடைச்சிருக்கான். நீக்கப் போறோம்னு தெரிஞ்சதும் தடுக்கிறான். ரொம்ப பெரிய குரூப்பா இருக்கணும். ஹெட் ஆபீஸ் பெர்மிஷன் கிடைச்சாத்தான் அந்தச் சாவி எங்கேருந்து பேசுதுன்னு நான் தேட முடியும். ரெண்டு நாள் ஆகும்."

இரண்டு நாள்! தைப்பூசத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் குடியிருப்புக்காரர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கும் நிலையத்தின் மேல்தொட்டியிலிருந்துதான் குழாய் போகிறது. அந்தக் குழாயை வருடா வருடம் இழுத்துக் கொடுத்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கரான பெஞ்சமின்தான்.

சுகுமாரன் அன்று இரவெல்லாம் கையேட்டைப் புரட்டினார் என்று சொல்ல முடியாது. மத்தியானம் அரைமணி நேரம் புரட்டினார். எழுபதாம் பக்கத்தில் ‘அபாய நிலை’ என்று ஒன்று இருந்தது. ‘தாக்குதல் என்று சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர் இதை இயக்கலாம். ஒன்றிரண்டு திருட்டுச் சாவிகளால் எதுவும் செய்ய முடியாது’ என்று போட்டிருந்தது. ‘திருட்டுச் சாவி’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி வந்தது. இயக்கிவிட்டார். ஐந்து சாவிகளின் திரையும் சிவப்பாகி, ‘பஹாயா’, அதாவது அபாயம், என்று மலாயில் எச்சரிக்கை கத்தியது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய அதிரா, சிவப்புத் திரையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அங்கிள், எழுபத்தொண்ணாம் பக்கம் படிச்சீங்களா?"

"இல்லையேம்மா."

"அபாய நிலையில மூணு பேர் பத்தாது. எந்தக் கட்டளைக்கும் அஞ்சு பேரும் சரின்னு சொல்லணும்."

சுகுமாரன் சிவப்புத் திரையை அவள் பக்கம் திருப்பினார். "அப்ப இதை நிறுத்திடு."

"நிறுத்துறதும் ஒரு கட்டளைதான்."

சுகுமாரன் கையேட்டை மறுபடியும் புரட்டினார்.

"புதுசா ஒரு சாவி செஞ்சா?"

"அதுக்கும் அஞ்சு பேர்."

"அந்தக் கைப்பிடி?"

"கண்ணாடிப் பெட்டியில இருக்கு அங்கிள். மாட்டுற இடத்தை வெல்டிங் பண்ணி மூடிட்டாங்க."

மறுநாள் காலை, ஆறே முக்காலுக்குப் பம்ப்பை ஓட்டும் கட்டளை போனது. சுகுமாரன், ஜெயலெட்சுமி, கெப்பாலா பத்தாஸ் கிளையில் இருக்கும் வாசு, ஹெட் ஆபீஸ் இன்ஜினியர். நான்கு பச்சை. ஐந்தாவது புள்ளி வெறுமையாக இருந்தது.

ஏழு மணி. ஏழரை. எட்டு.

மூன்று வருடம் ஒருநாள்கூடத் தவறாத கைநாட்டு, தேவைப்பட்ட அன்று வரவில்லை.

"வர மாட்டேங்கிறானே," என்றார் சுகுமாரன். தண்டாயுதபாணி படத்துக்கு முன்னால் நின்று அவர் கைகூப்பியபோது, தான் என்ன வேண்டுகிறோம் என்று அவருக்கே கேட்டது. "முருகா, அந்த ஹேக்கரை எப்படியாவது வரவை."

போன் அடித்தது. ஜெயலெட்சுமி. "அண்ணே, மேல தொட்டியில முப்பத்தெட்டு பர்சென்ட்தான் இருக்கு. எல்லா வீட்லயும் தைப்பூசத்துக்குக் கழுவி விடுறாங்க. மத்தியானத்துக்குள்ள காலியாயிடும். என்ன செய்யப் போறீங்க?"

"முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்மா," என்றார் சுகுமாரன். முருகனிடம் என்று சொல்லவில்லை.

அபாய நிலை என்பதால், இரண்டு நாள் ஆகாமல் ஒன்பதரைக்கே ஹெட் ஆபீஸ் பெர்மிஷன் வந்தது. அதிரா விசைப்பலகையில் தட்டிக்கொண்டே படித்தாள். "ரஷ்யாவும் இல்ல, எதுவும் இல்ல. நேத்து பேசினது இங்கேயிருந்துதான். ஜெலுத்தோங் பக்கம். ஒரு பிளாட்டு. பதினோராவது மாடி..."

"ஏழாம் நம்பர் வீடா?" என்றார் சுகுமாரன்.

அதிரா சுழன்று திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்க மீன் குழம்பு நல்லா இருக்கும்."

சுகுமாரனின் பழைய காரில் மூவரும் ஏறினார்கள். கமாலை யாரும் கூப்பிடவில்லை; "அண்ணன் வீடுன்னா நான் வராம எப்படி?" என்று பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பதினோராவது மாடியில் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, சவுந்தரம் நேற்றுச் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், முகம் பயந்தாற்போல் இருந்ததாகவும் மலாயில் சொன்னார்.

மகள் ஜோவான் இருப்பது புக்கிட் மெர்தாஜாமில். நிலையம் இருக்கும் இந்தத் தீவிலிருந்து பாலம் தாண்டி, கடலுக்கு அந்தப் பக்கம்.

பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. தைப்பூசத்துக்குத் தீவுக்கு வருகிறவர்கள் எதிர்ப்பக்கம். தீவிலிருந்து ஓடுகிறவர்கள் இந்தப் பக்கம். ஜெயலெட்சுமி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் மட்டும் சொன்னார். முப்பத்தொன்று. இருபத்தேழு. இருபத்திரண்டு.

"அண்ணே, பந்தல்காரங்க ஆபீஸுக்கே வந்துட்டாங்க. ‘பெஞ்சமின் இருந்தா இப்படி ஆகுமா’ன்னு கேக்குறாங்க."

சுகுமாரன் போனை வைத்துவிட்டு, "அவரு இருக்காருன்னுதானேம்மா பிரச்சினையே," என்று முனகினார்.

ஜோவான் வீட்டுக் கதவைத் திறந்தது சவுந்தரம்தான். சுகுமாரனைப் பார்த்தார், தெரியாத பெண்ணைப் பார்த்தார், யூனிஃபார்மில் நிற்கும் கமாலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் வாய் பழக்கத்தில் சொன்னது.

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?"

"அக்கா, இன்னிக்குச் சாப்பாடு வேணாம்க்கா." முதல் தடவையாக சுகுமாரன் கேட்டார். "அண்ணனோட சாவி உங்ககிட்ட இருக்கா?"

சவுந்தரம் உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது.

"அப்ப பெட்டிக்குள்ள நான் பார்த்தது?" என்றார் கமால்.

"அது அவரோட லாக்கர் சாவி."

"அதான் ஒரு மாசமா லாக்கரைத் திறக்க முடியல!"

"தம்பி, என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவாங்களா?" சவுந்தரம் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அவரைப் புதைச்ச மறுநாள் காலையில இது சத்தம் போட்டுச்சு. நான் அமுக்கலைன்னா மலைமேல இருக்கிறவங்களுக்குத் தண்ணி போகாதேன்னு அமுக்கிட்டேன். யாராவது வந்து வாங்கிக்குவாங்கன்னு இருந்தேன். நீங்க வந்தீங்க. சாப்பிட்டீங்க. போயிட்டீங்க."

சுகுமாரன் தரையைப் பார்த்தார்.

"அப்புறம் அதுவே பழகிப்போச்சு. இந்தச் சத்தம் மட்டும் இல்லைன்னா, காலையில நான் எதுக்கு எந்திரிச்சிருக்கப் போறேன்? அந்த ஆறே முக்காலுக்காகத்தான் எந்திரிச்சேன். எந்திரிச்சதுனால கோப்பி போட்டேன். கோப்பி போட்டதுனால குடிச்சேன். அப்படித்தான் தம்பி ஒவ்வொரு நாளும் ஓடுச்சு. கர்த்தருக்குத்தான் நன்றி சொல்லணும்."

"நேத்து ‘நீக்கலாமா’ன்னு கேட்டதுக்கு நீங்கதான் வேண்டாம்னு..." என்றாள் அதிரா.

"‘பெஞ்சமினை நீக்கலாமா’ன்னு கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்? ஒரு மணி நேரம் அழுதுட்டு வேண்டாம்னு அமுக்கினேன். மத்தியானம் செகப்பா ‘பஹாயா’ன்னு வந்துச்சு. கண்டுபிடிச்சிட்டாங்கன்னு பயந்து இங்க ஓடியாந்துட்டேன்."

போன் அடித்தது. "அண்ணே, பதினாலு!"

"அக்கா," என்றார் சுகுமாரன், "அந்தச் சத்தம் இன்னும் நிக்கல. ஒரு தடவை அமுக்குங்கக்கா."

சவுந்தரம் சேலை முந்தானையில் கட்டைவிரலைத் துடைத்தார். சாவியின் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு எண்ணாக உதடு அசையப் படித்தார். போனில் ஜெயலெட்சுமி கத்திக்கொண்டிருந்தார். சவுந்தரம் அவசரப்படவில்லை. முழுதும் படித்து முடித்துத்தான் விரலை வைத்தார்.

ஐந்தாவது புள்ளி பச்சையானது.

"ஓடுது!" என்று போன் அலறியது. "அண்ணே, பம்ப் ஓடுது! முருகா!"

கமால் ஜோவான் வீட்டுச் சோபாவில் விழுந்தார். சுகுமாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கைநாட்டில் அபாய நிலையும் போனது.

அதிரா மட்டும் நின்ற இடத்தில் நின்றிருந்தாள். "ஆனா அங்கிள், ஒண்ணு புரியல. சாவி அவங்ககிட்ட இருந்துச்சு, சரி. விரல்? பெஞ்சமின் அங்கிள் விரல் வச்சாத்தானே வேலை செய்யணும்? அவரு போனப்புறம் யாரோ ரேகையை மாத்தியிருக்காங்க. அது குற்றம். நான் எழுதித்தான் ஆகணும்."

"நான்தான் மாத்தினேன்," என்றார் சுகுமாரன்.

சொன்ன வேகத்தில் அவரே திடுக்கிட்டார். ஆனால் பின்வாங்கவில்லை. மீனாட்சி அந்த மத்தியானம் தூங்கி எழுந்ததற்கு அவர் இன்னும் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எப்படி மாத்தினீங்க?"

"அதை... அழுத்தி... இப்படித் திருப்பி..."

"அங்கிள், உங்களுக்கு அபாய நிலையையே நிறுத்தத் தெரியல." அதிரா மடிக்கணினியைத் திறந்து, மாற்ற முடியாத அந்தப் பதிவில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். போன மாதம். போன வருடம். அதற்கும் முந்திய வருடம். கடைசியில் முதல் நாள். அவள் புருவம் ஏறியது. "ரேகையை யாரும் மாத்தவே இல்ல. முதல் நாள்லேருந்து ஒரே விரல்தான்."

எல்லோரும் சவுந்தரத்தின் கட்டைவிரலைப் பார்த்தார்கள். அவர் அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் ஸ்பேனரும் குளோரினும் பிடிச்ச கைம்மா. ரேகையெல்லாம் தேஞ்சு, அவரு விரலு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். அந்த மெஷினு ஏழு தடவை அவரை ‘யாரு நீ’ன்னு கேட்டுச்சு. ஆபீஸ்ல சொன்னா வேற ஆளைப் போட்டுருவாங்கன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டாரு. ‘சவுந்தரம், உன் கையைக் குடு’ன்னாரு. கல்யாணத்துக்கு அப்புறம் அவரா என் கையைக் கேட்டது அன்னிக்குத்தான்."

அதிரா மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "விதிப்படி, யார் ரேகை பதிவாகியிருக்கோ அவங்கதான் காவலர். அப்ப அஞ்சாவது காவலர் சாகவே இல்ல. தாக்குதலும் இல்ல. ஆன்ட்டியை மாத்தணும்னா ஆன்ட்டி சம்மதிக்கணும். சம்மதமா ஆன்ட்டி?"

"இல்லம்மா."

"அப்ப என் ரிப்போர்ட் அவ்வளவுதான்."

சவுந்தரம் அப்போதுதான் சிரித்தார். "இப்பவாவது சாப்பிடுவீங்களா?"

சாப்பிட்டார்கள்.

தைப்பூசத்தன்று பந்தலில் தண்ணீர் தாராளமாக ஓடியது. அடுத்த வாரம் நிலையத்தின் முன்சுவரில் பலகையைத் திறந்தார்கள். ‘ஒரே ஒரு வேண்டாம் சொல்லி இந்த மலையைக் காத்த பெஞ்சமின்’ என்று பித்தளையில் பொறித்திருந்தது. ஜெயலெட்சுமி வந்திருந்தார்; விடுப்புப் போட்டுவிட்டு அதிராவும் வந்திருந்தாள். கமால் புதுச் சட்டையில் வாசலில் நின்றார். சவுந்தரம் முன்வரிசையில், சாவி இருந்த கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுகுமாரன் எழுதிவைத்திருந்த காகிதத்தைப் படிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆயிரம் காலைக்கு மேல விரல் வச்சது சவுந்தரம் அக்கா. அதை இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அக்காவுக்கு நன்றி," என்றார். "ஆனா அந்த ஒருநாள், அந்த ரெண்டே முக்காலுக்கு, நாங்க எல்லாரும் பார்க்காம அமுக்கினப்ப, அந்த எண்ணைப் பார்த்து ‘இது தப்பு’ன்னு கண்டுபிடிச்சது பெஞ்சமின் அண்ணனோட மூளை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பாரு, பக்கத்துல உக்காந்து அவரு சொல்லியிருப்பாரு, அக்கா அமுக்கியிருப்பாங்க. இன்னிக்கு என் வீட்ல விளக்கு எரியுதுன்னா அதுக்கு அவருதான் காரணம். எத்தனையோ தடவை நன்றி சொல்லப் போனேன். ஒரு தடவைகூட வாங்கிக்கல. ‘வீட்ல வந்து சொல்லு’ன்னே அனுப்பிடுவாரு. அவ்வளவு அடக்கம்."

மீனாட்சி விம்மினார். எல்லோரும் கைதட்டினார்கள். சவுந்தரம் பலகையையே பார்த்துக்கொண்டு, "நல்லா சொன்னீங்க தம்பி," என்று மெல்லச் சொன்னார்.

வாசலிலிருந்து கமால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினார்.

"என்ன கமால்?"

"ஒரு வருஷத்துக்கு முன்னால டியூட்டி நேரத்துல கேட்டை விட்டுட்டுப் போனதை இப்ப சொன்னா, வேலை போயிடுமா பாஸ்?"

"போகாது. சொல்லுங்க."

"அந்த ரெண்டே முக்காலுக்கு பெஞ்சமின் அண்ணன் பல் டாக்டர் நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டுக் கிடந்தாரு பாஸ், அவரோட ரெண்டு கையையும் நான்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."